மூன்று ரிங்கும் ஒரு கடிதமும்

எங்கள் அப்பாவுக்கு அச்சில் வந்துவிட்டால் போதும், அது வேதம். நெல் வியாபாரத்தில் யாரையும் லேசில் நம்பாத மனிதர், மதராஸிலிருந்து மாதாமாதம் வந்த மோட்டார் பத்திரிகையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார். எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. காருக்காகப் பத்திரிகை வாங்கினாரா, பத்திரிகைக்காகக் காரை வைத்திருந்தாரா என்று அம்மாவுக்கே சந்தேகம்.

கார் ஆயிலைக் குடிக்கத் தொடங்கிய சமயத்தில், இஞ்சினைப் பிரித்துக் கட்டுவது பற்றி அதில் ஒரு நீண்ட கட்டுரை வந்தது. என் தாய்மாமா திருக்கோகர்ணத்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். கார் அங்கே போனது. பத்திரிகையோடு அப்பாவும் போனார். லீவு என்பதால் நானும் தொற்றிக்கொண்டேன்.

பிஸ்டனைச் சுற்றி மூன்று ரிங் மாட்ட வேண்டும். ஒவ்வொன்றிலும் வளையல் விட்டுப்போன மாதிரி ஒரு சின்ன இடைவெளி இருக்கும். மாமா அதை வாய் என்பார். மூன்று வாயும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும் என்றது கட்டுரை. அப்பா அந்த வரியை இரண்டு தடவை உரக்க வாசித்தார்.

"மூணையும் நேரா வச்சா ஆயில் மேல ஏறிருமேங்க, அத்தான்" என்றார் மாமா, மெதுவாக.

"அப்ப எழுதினவன் முட்டாளா?"

அக்காள் புருஷனை எதிர்த்துப் பேசுகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. "சரிங்கத்தான்" என்று சொல்லி, மாமா நேராகவே மாட்டினார்.

மறுவாரம் குடும்பத்தோடு ஆவுடையார்கோவிலுக்குக் கிளம்பினோம். பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் நீலப் புகை தெருவையே மறைத்துவிட்டது. "இஞ்சின் வேலை பாத்தாரா, செங்கச்சூளை போட்டாரா?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். வண்டியை ஓட்டிய மாமாவின் காது சிவந்துபோயிற்று. பக்கத்தில் அப்பா தெருவின் மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சு ஊரெல்லாம் பரவி, ஷெட்டில் நின்ற இரண்டு கார்களைச் சொந்தக்காரர்கள் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். மாமா மறுபடி இஞ்சினைப் பிரித்து, வாய்களை ஆளுக்கொரு பக்கம் பார்க்க வைத்துக் கட்டினார். புகை நின்றது. தப்பு தன்னுடையது என்று சொல்ல அப்பா அப்போதும் வாய் திறக்கவில்லை. எனக்கு அவர்மேல் பற்றிக்கொண்டு வந்தது.

சில நாள் கழித்து அப்பா ஒரு கவரைக் கொடுத்து, சோற்றுப் பசை தடவி ஒட்டித் தபால்பெட்டியில் போடச் சொன்னார். ஒட்டும் முன் முதல் வரியைப் படித்தேன். 'தங்கள் மேலான பத்திரிகையில் வந்த இஞ்சின் கட்டுரையைப் படித்து, அதன்படியே என் காரைச் சீர் செய்தோம்' என்றிருந்தது. மாமாவைத் தெருவில் தலைகுனிய வைத்துவிட்டு இவர் பாராட்டு வேறு எழுதுகிறாரா! கவரைக் கல்லோடு சேர்த்துக் கட்டி, நேரே போய்க் குளத்தில் எறிந்தேன். மனசு குளிர்ந்துவிட்டது.

அதன்பிறகு பத்திரிகை வரும் நாளெல்லாம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்குப் பொரிகடலை வாங்கித் தரத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அப்பா வாசகர் கடிதப் பக்கத்தைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்குவார். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

என் கல்யாணத்துக்கு முதல் நாள், அதே காரைக் கழுவிக்கொண்டே மாமா பேசிக்கொண்டிருந்தார். அதற்குள் அவர் ஷெட்டில் வண்டி நிறுத்த இடமில்லாத அளவுக்கு வேலை வந்துகொண்டிருந்தது.

"ஒங்கப்பா அன்னைக்குப் பத்திரிகைக்கு எழுதினாக, ஆத்தா. கட்டுரை தப்பு, என் மைத்துனன் சொன்னதக் கேக்காதது என் தப்புன்னு. எம்பேரு, ஷெட்டு பேரெல்லாம் போட்டு. அனுப்புறதுக்கு முந்தி எனக்கு வாசிச்சுக் காட்டினாக. அச்சுல வருமுன்னு நானும் ஒரு வருசம் வந்து வந்து பாத்தேன். ஏனோ போடலை. போகட்டும், அத்தான் வாயால கேட்டாச்சு, அது போதும்."

சிரித்துக்கொண்டே கண்ணாடியைத் துடைத்தார். குளத்தைப் பற்றி நான் அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. கோபப்படுவதற்கு முன் இரண்டாவது வரியையும் படிக்க வேண்டும் என்று பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை.