ஆறாம் வளைவு விசிலக்கா

வாரத்தில் ஆறு நாள் விசிலக்கா எக்ஸ்ரே எடுப்பாள். ஏழாவது நாள் ஊருக்கு வெளியே இருக்கும் கார் பந்தயத் திடலில், டயர்களை அடுக்கிக் கட்டிய தடுப்புக்குப் பின்னால் நின்று விசில் ஊதுவாள். முதல் வேலைக்குச் சம்பளம் உண்டு. இரண்டாவதற்கு ஒரு தொப்பி, ஒரு சாப்பாட்டுப் பொட்டலம், வேண்டிய மட்டும் வெயில். எது பெரிய வேலை என்று கேட்டால் யோசிக்காமல் இரண்டாவதைத்தான் சொல்வாள். "உடைஞ்ச எலும்பைப் படம் பிடிக்க யாரும் வருவாங்க. உடையாம பாத்துக்க எத்தனை பேர் வருவாங்க, சொல்லுங்க?"

அவள் வீட்டுக்காரர் சாவிக்கடை வைத்திருக்கிறார். கேலி பேசாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. "ஸ்கூட்டர்ல முப்பதைத் தாண்டாதவ, நூத்தைம்பதுல போறவனுக்கு வழி சொல்லப் போறா" என்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் பாட்டிலை நிரப்பி வைப்பதும் அவர்தான்.

அந்தத் திடலில் ஓட்டுபவர்கள் யாரும் பெரிய வீரர்கள் இல்லை. ஒருவர் பல் டாக்டர், ஒருவர் சிமெண்ட் கடைக்காரர், ஒருவர் பேக்கரி வைத்திருப்பவர். பழைய கார்களைத் தாங்களே கழற்றி மாட்டிக்கொண்டு வருவார்கள். ஜெயித்தால் ஒரு கோப்பை, கைதட்டல், போட்டோ. கார் கவிழ்ந்தால் முதல் ஆளாக ஓடுகிறவருக்கு அதெல்லாம் கிடையாது. அவர் முகம்கூட ஒரு போட்டோவிலும் இருக்காது. எனக்கு இதில் தீராத எரிச்சல் உண்டு. சொல்லிவிட்டேன், இனி கதைக்கு வருவோம்.

ஆறாம் வளைவுதான் கடைசி வளைவு. அதைத் தாண்டினால் நேர் ரோடு, அதன் முடிவில் கட்டம் போட்ட கொடியோடு வெற்றிக் கோடு. அந்த வளைவுக்கு மூன்று பேர். விசிலக்கா தலைமை. கொடி காட்டுவது அவளுடைய தம்பி. தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் ரிப்பேர் செய்கிறவன், முப்பத்திரண்டு வயசு, வாய் ஓயாத ஆசாமி. தீயணைப்பு சிலிண்டரோடு நிற்பவர் ஓய்வு பெற்ற தபால்காரர். பேசச் சொன்னால்கூட பேச மாட்டார்.

விசிலக்காவின் சட்டதிட்டம் பள்ளிக்கூடத்தைவிட மோசம். உட்காரக் கூடாது. போனைத் தொடக் கூடாது. கார் வரும் திசைக்கு முதுகைக் காட்டக் கூடாது. ஒருவர் ரோட்டில் இறங்கினால் மற்றவர் கண் இமைக்காமல் காரையே பார்க்க வேண்டும், ஆபத்து என்றால் விசில். "ஒண்ணுக்குப் போகணும்னாலும் கையத் தூக்கணும் சார் எங்கக்காகிட்ட" என்று தம்பி ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தான்.

இப்படிப்பட்டவள்தான் ஒரு வழக்கத்தையும் ஆரம்பித்து வைத்தாள். பந்தயம் முடிந்ததும் கார்கள் மெதுவாக ஒரு சுற்று வரும். அப்போது ஆறாம் வளைவுக்காரர்கள் தடுப்பைத் தாண்டி புல்தரைக்கு வந்து, கையில் இருக்கும் கொடிகளையெல்லாம் ஆட்டுவார்கள். ஓட்டுகிறவர்கள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அசைப்பார்கள். அவ்வளவுதான். காலையிலிருந்து வெயிலில் காய்ந்தவர்களுக்கு அந்தக் கையசைப்புதான் கூலி. ஒரு வருஷம் பேக்கரிக்காரர் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து "நன்றிக்கா!" என்று கத்திக்கொண்டே போனார். அன்று அவள் கண் கலங்கியதைத் தம்பி பார்த்துவிட்டான்.

அதற்கும் அவள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். ஓடும் கார்களின் நம்பரை ஒரு அட்டையில் எழுதிக்கொள்வாள். நடுவில் நின்றுபோன காரின் நம்பரைக் கோடு போட்டு அடித்துவிடுவாள். மீதி எத்தனையோ அத்தனையும் கடைசிச் சுற்றில் தன்னைத் தாண்டி வெற்றிக் கோட்டை நோக்கிப் போக வேண்டும். கடைசிக் கார் போன பிறகுதான் "வாங்க" என்று கையைக் காட்டுவாள். பதினொரு வருஷம் அந்தக் கணக்கு ஒரு நாளும் தப்பியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினாலு கார்கள். நாலாவது சுற்றில் வயர்லெஸ்ஸில் கண்ட்ரோல் ரூம் சொன்னது: "பதினேழு உள்ளே வந்தாச்சு." அது பேக்கரிக்காரரின் சிவப்புக் கார். ரிப்பேர் கொட்டகைக்குள் போய்விட்டது என்று அர்த்தம். விசிலக்கா பதினேழை அடித்தாள். ஏற்கெனவே இரண்டு கார்கள் நின்றுவிட்டன. மீதி பதினொன்று.

இரண்டு சுற்று கழித்துச் சிவப்புக் கார் மறுபடி கிளம்பி வந்தது. அவள் பார்த்தாள். "பரவாயில்லையே, சரி பண்ணிட்டாரு" என்று தம்பியிடம் சொல்லவும் செய்தாள். அதற்குப் பிறகு மூன்று முறை அந்தக் கார் அவள் மூக்குக்கு முன்னால் போனது. ஆனால் அட்டையில் அடித்த நம்பரை அவள் திரும்ப எழுதவில்லை. கண் பார்த்தது, கை எழுதவில்லை. இதை எப்படி விளக்குவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

கடைசிச் சுற்று. முதல் கார் போனது, பின்னாலேயே மற்றவை. ஒன்பது, பத்து, பதினொன்று. விசிலக்கா அட்டையை மூடினாள். கையைத் தூக்கி, "முடிஞ்சுது, வாங்க" என்றாள்.

தம்பி தடுப்பைத் தாண்டிக் குதித்தான். ஒரு கையில் மஞ்சள் கொடி, ஒரு கையில் நீலக் கொடி. புல்தரையில் ரோட்டை ஒட்டிப் போய் நின்றுகொண்டான். தபால்காரர் தடுப்பின் இடைவெளியில் இன்னும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். விசிலக்கா அவர் பக்கத்தில் நின்றாள்.

வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு கார் வரும் சத்தம் கேட்டது. ஜெயித்தவர் மெதுவாக வருகிறார் என்று நினைத்துத் தம்பி இரண்டு கொடிகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினான். வந்தது சிவப்புக் கார். அதற்கு இன்னும் பந்தயம் முடியவில்லை. வெற்றிக் கோட்டைத் தொட இன்னும் அரைக் கிலோமீட்டர் பாக்கி. உயிரைக் கொடுத்து ஓட்டிக்கொண்டு வந்தார் பேக்கரிக்காரர்.

பந்தயத்தில் ஒருவர் மஞ்சள் கொடியை ஆட்டினால் ஓட்டுகிறவருக்கு ஒரே அர்த்தம்தான்: முன்னால் ஆபத்து. அதுவும் அந்த ஆள் தடுப்புக்கு வெளியே, ரோட்டின் ஓரத்தில் நின்று ஆட்டுகிறார் என்றால்? பேக்கரிக்காரர் அதிர்ந்துபோய் வளைவின் நடுவில் பிரேக்கை மிதித்தார். மிதிக்கவே கூடாத இடம் அது. கார் ஒரு சுற்றுச் சுற்றியது. பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு புல்தரைக்குள் இறங்கித் தம்பியைப் பார்த்து வந்தது.

விசில் விசிலக்காவின் உதட்டில் இருந்தது. பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். ஊதவில்லை. நெஞ்சில் காற்று இருந்தது, வெளியே வரவில்லை. சிவப்பு நிறம் பெரிதாகிக்கொண்டே வந்ததையும், தம்பியின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்ததையும் பார்த்துக்கொண்டு, மரமாக நின்றாள்.

அப்புறம் டமால் என்று ஒரு சத்தம். தடுப்பிலிருந்து டயர்கள் பறந்தன. புழுதி.

புழுதி அடங்கியபோது தம்பி புல்லில் மல்லாந்து கிடந்தான். காருக்கும் அவனுக்கும் நடுவில் மூன்று அடிகூட இல்லை. நீலக் கொடியின் குச்சி முறிந்து காரின் அடியில் கிடந்தது. அவன் எழுந்து உட்கார்ந்து, தன் கைகால்களைத் தடவிப் பார்த்துவிட்டு, பெரிதாகச் சிரித்தான். "ஒண்ணும் ஆகல! அக்கா, ஒண்ணுமே ஆகல!" தபால்காரர் காரிடம் ஓடி, புகை வந்த இடத்தில் நுரையைப் பீய்ச்சினார். பேக்கரிக்காரர் உள்ளே ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, "ஆள் மேல ஏத்திட்டேனா? ஏத்திட்டேனா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஆம்புலன்ஸ் வந்தது, கிளப் செயலாளர் வந்தார். ஆளாளுக்குத் தம்பியைக் கட்டிப்பிடித்தார்கள். "எப்படிப்பா தப்பிச்சே?" என்றார் செயலாளர்.

"அக்கா விசில் ஊதினாங்க சார்! கீச்சுனு காதுல விழுந்துச்சு. யோசிக்கவே இல்ல, அப்படியே பின்னால பாய்ஞ்சுட்டேன்."

எல்லோரும் திரும்பி விசிலக்காவைப் பார்த்தார்கள். விசில் இன்னும் அவள் வாயிலேயே இருந்தது. யாரோ கைதட்டினார்கள். அவள் வாயைத் திறந்தால்தானே மறுப்பதற்கு? தாடை இறுகிப்போயிருந்தது.

அன்று மாலை தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி மனைவி வாசலிலேயே அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். இடுப்பில் ஏழு மாசக் குழந்தை. "அண்ணி, நீங்க இல்லேன்னா இன்னைக்கு நான் என்ன ஆகியிருப்பேன்?" என்று விசும்பினாள். விசிலக்கா தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, தலைவலி என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள்.

வாரம் முழுக்க அவள் அவளாக இல்லை. இடது கைக்கு எழுதிக் கொடுத்த சீட்டுக்கு வலது கையைப் படம் எடுத்தாள். இருபது வருஷத்தில் அப்படி நடந்ததே இல்லை. வீட்டுக்காரர் கேலியை நிறுத்திவிட்டார். "என்னம்மா ஆச்சு உனக்கு? அதான் பையன் பொழைச்சுக்கிட்டானே?" என்றார். பிழைத்துவிட்டான் என்று கேட்கும்போதெல்லாம் அவள் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள்.

வியாழக்கிழமை செயலாளரிடமிருந்து போன் வந்தது. "சனிக்கிழமை பாதுகாப்புக் கூட்டத்துல உங்களைப் பாராட்டப் போறோம். இன்னொரு நல்ல சேதி. உங்க கையசைக்கிற வழக்கத்தை எல்லா வளைவுக்கும் கொண்டுவரப் போறோம். ஒரு ஆள் விசிலோட நின்னா போதும், பயமில்லைன்னு நீங்களே நிரூபிச்சுட்டீங்களே! அடுத்த வாரப் பந்தயத்துலயே ஆரம்பிச்சிடலாம்."

எட்டு வளைவு. வளைவுக்கு இரண்டு பேர் வெளியே வந்தால் பதினாறு பேர். போனை வைத்த பிறகு அவள் சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்றாள். பொய்யை அவள் சொல்லவில்லை, வாஸ்தவம். ஆனால் அந்தப் பொய்யை நம்பிப் பதினாறு பேர் தடுப்பைத் தாண்டப் போகிறார்கள். அதில் ஒருவன் தம்பி.

அவள் தபால்காரருக்குப் போன் செய்தாள். "சார், அன்னைக்கு நீங்க என் பக்கத்துலதானே இருந்தீங்க?"

அவர் முதலில் டி.வி. சத்தத்தைக் குறைத்தார். பிறகு, "ஆமாம்மா. தெரியும். நீங்க ஊதல. ஊர் கூடிக் கொண்டாடும்போது நான் எப்படிம்மா சொல்றது?" என்றார்.

சனிக்கிழமைக் கூட்டம் டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்த சின்ன ஹாலில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் முப்பது பேர். தம்பி முன்வரிசையில் உட்கார்ந்து, அன்றைக்கு எப்படிப் பாய்ந்தேன் என்று இருபதாவது தடவையாக நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். எல்லோரும் சிரித்தார்கள். செயலாளர் விசிலக்காவைக் கூப்பிட்டார். கைதட்டல் அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"நான் விசில் ஊதல."

அடக்கத்தில் சொல்கிறாள் என்று நினைத்து இரண்டு பேர் மறுபடி கைதட்டினார்கள்.

"தட்டாதீங்க. பதினேழாம் நம்பர் ஓடிட்டு இருந்ததை நான் கண்ணால பாத்தேன். அட்டையில அடிச்சதை மாத்தி எழுதல. முடிஞ்சுதுன்னு சொல்லி இவனை வெளியே வரவெச்சது நான். கார் வந்தப்ப விசில் வாயிலதான் இருந்துச்சு. எனக்கு ஊத வரல. ஒரு சத்தமும் வரல. தயவுசெஞ்சு யாரும் வெளியே வராதீங்க. அந்த வழக்கத்தை இன்னையோட நிறுத்துங்க."

பேக்கரிக்காரர் முகத்தை மூடிக்கொண்டார். செயலாளர் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

தம்பி எழுந்தான். முகத்தில் பாதிச் சிரிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. "அக்கா, சும்மா இரு. நான்தான் கேட்டேனே. காதால கேட்டேன்."

"அது டயர் தேய்ஞ்ச சத்தம் தம்பி" என்றார் தபால்காரர், உட்கார்ந்த இடத்திலிருந்தே. "நான் அம்மாவுக்குப் பக்கத்துலதான் நின்னேன். நீங்க பாயவும் இல்ல. கொடிக்குச்சியில கார் இடிச்ச வேகத்துல விழுந்தீங்க."

தம்பி அவரைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை.

"அப்ப என்னைக் காப்பாத்தினது யாரு?"

"யாரும் இல்லடா" என்றாள் விசிலக்கா. "கார் அந்தப் பக்கம் போச்சு. அவ்வளவுதான்."

ஆறு நாளாகச் சிரித்துக்கொண்டிருந்தவனுக்கு அப்போதுதான் அந்தக் கார் வந்தது. நாற்காலியைத் தேடிப் பின்னால் கையை நீட்டினான். அது கைக்கு அகப்படவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டான். தொடைகள் வெடவெடவென்று ஆடின. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை.

"அக்கா, கால் நிக்க மாட்டேங்குது" என்றான். "பிடிச்சுக்கோ அக்கா."

அவள் ஓடிப்போய் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முழங்கால்களைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கைகளும் அவன் கால்களோடு சேர்ந்து ஆடின.