ஆறு குழிப் பெட்டியும் இருபத்தைந்து மாபிளும்

பிள்ளைகளே, நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். முதன்மை எண் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித் தந்தது ஆறாம் வகுப்புப் படிக்கிற என் மகள். ஏழு மாபிளை, அதுதான் கோலிக்குண்டை, ஏழு பேருக்கு ஒவ்வொன்றாகக் கொடுக்கலாம், இல்லையென்றால் ஒருவரே வைத்திருக்கலாம். வேறு விதமாகச் சமபங்கு வராது. அப்படிப்பட்ட எண்தான் முதன்மை எண்.

வெளிநாட்டில் நாங்கள் இருக்கிற ஊர் நோபல் பார்க். அங்கே அவளுடைய பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் பின்னேரம் கணிதப் பேச்சு. ஒரு பிள்ளையைத்தான் வெளிப் போட்டிக்குத் தெரிவு செய்வார்கள். போன வருஷம் பாதியில் மறந்துபோய் அழுதுகொண்டு இறங்கினவள், இந்த முறை குளியலறைக்குள்ளும் பேசிப் பழகினாள்.

நாங்கள் பத்துப் பத்தாக எண்ணுகிறோம். அவள் ஆறு ஆறாக எண்ணினாள். முட்டைப் பெட்டிகளை இரண்டாக வெட்டி, ஆறு குழி வரும்படி எடுத்து வைத்திருந்தாள். பதின்மூன்று மாபிள் போட்டால் இரண்டு பெட்டி நிரம்பி ஒன்று மிஞ்சும். அதை 21 என்று எழுதுவாள். பதினேழு போட்டால் இரண்டு பெட்டியும் ஐந்தும், அது 25. இரண்டையும் மூன்றையும் விட்டால், எந்த முதன்மை எண்ணும் இந்த எழுத்தில் ஒன்றில் அல்லது ஐந்தில்தான் முடியும். ஒன்றும் மிஞ்சாவிட்டாலும், இரண்டோ நான்கோ மிஞ்சினாலும் இரண்டு பேர் பங்கு பிரிக்கலாம். மூன்று மிஞ்சினால் மூன்று பேர் பிரிக்கலாம்.

கார் பார்க்கில் நேரம் இருந்தது. நான் சும்மா மடியில் வைத்து மாபிளை அடுக்கினேன். நாலு பெட்டி நிரம்பி ஒன்று மிஞ்சியது. அவளுடைய எழுத்தில் அது 41.

"பிள்ளை, இது இருபத்தஞ்சு. ஒண்டு மிஞ்சுது. அப்ப இதுவும் முதன்மை எண்ணோ?"

"ஓம்..." என்றவள் நிறுத்தினாள். "இல்லை. அஞ்சு பேருக்கு அஞ்சஞ்சா குடுக்கலாம்."

மேடைக்கென்று எழுதி வைத்திருந்த போஸ்டரை அவள் விரித்துப் பார்த்தாள். போஸ்டரின் கடைசி வரி பெரிய எழுத்தில் இருந்தது: 'ஒன்றில் அல்லது ஐந்தில் முடிந்தால் அது முதன்மை எண்.'

"ஐயோ அப்பா! இப்பவோ இதைக் கேக்கிறது?"

"ஆர் கவனிக்கப் போயினம்? பேசாமல் வாசிச்சிட்டு இறங்கு."

"டீச்சர் கண்டுபிடிப்பா. நான் வரேல்லை, வீட்ட போவம்."

எனக்குக் காரை ஸ்டார்ட் பண்ணத் திறப்பைத் திருப்பவும் மனம் வரவில்லை, கதவைத் திறக்கவும் மனம் வரவில்லை. கடைசியில் அவள்தான் பெட்டிகளையும் போஸ்டரையும் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

மேடையில் கடைசி வரிக்கு வந்ததும் அவளுடைய வாய் நின்றுவிட்டது. பின்வரிசையில் ஒரு பொடியன், "முட்டைக்காரி!" என்று இங்கிலிஷில் சொல்லிச் சிரித்தான். போன வருஷம்தான் திரும்ப வருகிறது என்று நினைத்தேன்.

அவள் மார்க்கரை எடுத்து அந்த வரியை வெட்டினாள். "இது பிழை. இப்பதான் காரில் தெரிந்தது," என்று இருபத்தைந்தை அடுக்கிக் காட்டினாள்.

டீச்சர் கேட்டார்: "அப்படியென்றால் உன் பெட்டியால் என்ன பிரயோசனம்?"



அவள் ஒரு பெட்டியைத் தூக்கி, நாலு குழியை விரல்களால் பொத்தினாள். "முதன்மை எண்ணைத் தேடும்போது இவ்வளவையும் பார்க்கத் தேவையில்லை, மிஸ். மிச்ச ரெண்டுக்குள்ள தேடினால் போதும். கிடைக்கிறதை ஒருக்கால் பங்கு பிரிச்சுப் பார்க்கவேணும்."

வெளிப் போட்டிக்கென்று கடைசியில் வாசித்தது அவளுடைய பெயரைத்தான்.

காரில் ஏறியதும் பாராட்ட வாயெடுத்தேன். அவள் முந்திவிட்டாள்.

"அப்பா, இனி ஏதும் கேக்கிறதெண்டால் முதல் நாளே கேளுங்கோ. கார் பார்க்கில வச்சுக் கேக்காதேங்கோ."