எந்த பார்டரு?

அந்த மாங்கா கூடைய நெனச்சா எனக்கு இன்னிக்கும் வயிறு எரியுது. என் பேத்திய பொண்ணு பாக்க நாராயணவனத்துலேருந்து வந்தாங்களே, அவங்க தூக்கினு வந்தது. பேத்தி பார்டர் போலீசு. லீவுல வந்திருந்தா. மாப்ள வீட்டுக்கு மாங்கா வியாபாரம், சொந்த லாரி.

மாப்ளையோட மாமன் காப்பிய உறிஞ்சிகினே, "பார்டர்ல வேல செய்ற பொண்ணுன்னா எங்களுக்கு ரொம்ப இஷ்டம்மா"ன்னாரு. பொம்பளைக்கு எதுக்கு துப்பாக்கின்னு எங்க தெருவே மூஞ்ச சுளிக்குது, இப்பிடியும் ஒரு குடும்பமான்னு எனக்கு சந்தோசம் தாங்கல. இன்னும் ரெண்டு வடை வெச்சேன். வடையும் அன்னிக்கி மொறுமொறுன்னு வந்துச்சி, அத வுடு.

அப்பறம்தான் அந்தாளு மனசுல இருந்தது வெளிய வந்துச்சி. "சீசன்ல நம்ம லாரிய நிறுத்தி நிறுத்தி உயிர எடுக்குறாங்க. இனிமே பாப்பா கைய காட்டினா போதும்."

பேத்தி சிரிச்சிட்டா. "மாமா, நீங்க சொல்றது குடிபாலா செக்போஸ்ட்டு. நான் இருக்குறது பாகிஸ்தான் பார்டரு."

எங்க பக்கம் பார்டருன்னா வேலூரு போற ரோட்டுல, ஆந்திரா முடிஞ்சி தமிழ்நாடு ஆரம்பிக்கிற எடத்துல இருக்குற அந்த கேட்டுதான். வேற எது தெரியும் இவங்களுக்கு? அவ பொறுமையா சொன்னா. முள்ளுவேலிக்கு அந்தாண்டயும் நம்ம குடியானவங்க நெலம் இருக்குதாம். காலைல கேட்ட தொறந்து வுட்டு, சாயங்காலம் எல்லாரும் திரும்பிட்டாங்களான்னு பாக்கணும். பொம்பளைங்கள சோதிக்க பொம்பளதான் வேணும். கடத்தல்காரன் உள்ள பூந்துடாம வெயில்லயும் பனியிலயும் வேலியோரமா நடந்துகினே இருக்கணும். சண்ட வந்தாதான் மிலிட்ரி, இவங்களுக்கு தெனமும் வேல. கூட இருக்குறவ ஒருத்தி அஸ்ஸாம்காரி, ஒருத்தி பீகார்காரி. இவ வெக்கிற புளிக்கொழம்ப ரெண்டு பேரும் வழிச்சி வழிச்சி துன்னுவாளுங்களாம்.

மாமன் எல்லாத்தயும் கேட்டுட்டு, "ஏம் லாபம்"னு தெலுங்குல மொணகினாரு. அவருக்கு என்ன லாபம், சொல்லு. அப்பிடியே எழுந்தாங்க. போறவங்க சும்மா போனாங்களா? குடுத்த கூடையயும் தூக்கினு போனாங்க. பொண்ணு வேணாமா, போ. குடுத்தத திருப்பி எடுக்குற சாதியா நீ?

அதுல ஒரு மாங்கா கட்டிலுக்கு அடியில உருண்டு கெடந்துச்சி. பேத்தி அத எடுத்துகினு தெருவுக்கு போனா, கைய நீட்டி அவங்க வண்டிய நிறுத்தினா. மாமன் மடியில மாங்காவ வெச்சா. வண்டிய ஒரு சுத்து சுத்தி பாத்துட்டு, "செக் பண்ணியாச்சி மாமா, போலாம்"னு கைய காட்டினா.

அடுத்த வாரமே டூட்டிக்கு போயிட்டா. இன்னும் பொண்ணு கேட்டுகினு வராங்க, நேத்து கூட புத்தூர்லேருந்து கூடையோட வந்தாங்க. வாசல்லயே நிறுத்திட்டேன். "கூடைய அப்பறம் எறக்கலாம், மொதல்ல எந்த பார்டருன்னு சொல்லு."