கண்ணாடி இல்லாமல் போட்ட கையெழுத்து

பேக்கரியில் அவரை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். ரொட்டி வேன் ஓட்டுபவர். தட்டுகளை வண்டியில் ஏற்றத் தொடங்கும்போதே அவர் வாயும் தொடங்கிவிடும். கடை கடையாக இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பும்வரை ஓயாது. எந்தக் கடைக்காரருக்கு மூட்டுவலி, யார் மருமகனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, எல்லாம் அத்துப்படி. மனைவி ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க வலியோடு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு வருபவளுக்கு வீட்டில் பேசவேண்டிய தேவையே இருந்ததில்லை. இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

அன்று மதியம் மச்சான் வீட்டில் சாப்பாடு. மச்சான் மகனுக்கு வேலை கிடைத்திருந்தது. சாயங்காலம் இன்னொரு நடை வேன் எடுக்க வேண்டியிருக்கிறது என்று இவர் சொல்லித்தான் பார்த்தார்.

"ரெண்டு கிளாஸ் குடிச்சா ஒண்ணும் குடி முழுகிப் போயிடாது மாப்ள," என்றார் மச்சான், ஊற்றிக்கொண்டே.

சாயங்காலம் ஆஸ்பத்திரித் தெருவில், வேன் சிக்னலைத் தாண்டியதும், முன்னால் சைக்கிளில் போன பெண் ஒரு பள்ளத்துக்காகச் சற்று ஒதுங்கினாள். வேனின் பக்கவாட்டுக் கண்ணாடி அவள் கைப்பிடியில் தட்டியது. விழுந்தாள். அவர் இறங்கி ஓடி அவளைத் தூக்கி உட்காரவைத்தார். அவள் தையல்காரி; பையிலிருந்து வெட்டிய துணிகள் ரோட்டில் கிடந்தன. மணிக்கட்டு கோணலாக இருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது, பிறகு போலீஸ் வந்தது. ஊதச் சொன்னார்கள், ஊதினார்.

ஸ்டேஷனில் யாரும் அவரை அதட்டவில்லை. இன்ஸ்பெக்டர் நாற்காலி போட்டு டீ கொடுத்தார். அந்த மரியாதைதான் அவரைக் கவிழ்த்தது.

"வக்கீல் யாரையாவது கூப்பிடணுமா?"

"வக்கீல் எதுக்கு சார்? நான் என்ன கொலையா பண்ணிட்டேன்?"

"சிக்னல் என்ன கலர்ல இருந்துச்சு?"

"பச்சைதான் சார்."

"நிச்சயமா?"

"நிச்சயமானு கேட்டா... குடிச்சிருந்தேனே சார். அடிச்சுச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? செவப்பாக்கூட இருந்திருக்கும். வேகமாத்தான் வந்திருப்பேன். எல்லாம் என் தப்புதான், எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டார். காகிதத்தை அவர் பக்கம் திருப்பினார். படிக்கும் கண்ணாடி வேனிலேயே இருந்தது; வேனை ஸ்டேஷன் முற்றத்தில் பூட்டி வைத்திருந்தார்கள். எழுத்துகள் எறும்பு ஊர்வதுபோல் தெரிந்தன. "சரியாத்தான் சார் எழுதியிருப்பீங்க," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மனைவி வந்து ஜாமீனில் அழைத்துப் போனாள். வழியில் அவர் ஒன்றும் பேசவில்லை. வீட்டிலும் பேசவில்லை. முதலாளி வேன் சாவியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, இவரைப் பொட்டலம் கட்டும் மேசையில் நிறுத்தினார். ரொட்டி வந்தது, உறையில் போட்டார், உறையின் வாயை முறுக்கினார், அடுத்தது வந்தது. பல் பிடுங்கும் முன் ஊசி போட்ட கன்னம்போல இருந்தது எல்லாம். கடித்தாலும் தெரியாது.

மச்சான் வந்தார். "எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கார். அந்தப் பொண்ணைப் பாத்துப் பேசி, கேஸை அப்படியே சரிக்கட்டிடலாம்."

"நீங்க ஊத்தினதே போதும்ணே," என்றாள் மனைவி. மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, இலவச சட்ட உதவி மையத்துக்கு அவரை இழுத்துப் போனாள்.

நீதிமன்றத்தின் பின்பக்கம், கழிப்பறையை அடுத்த அறை. வக்கீலம்மா பிஸ்கெட்டை டீயில் நனைத்துக்கொண்டே வாக்குமூலத்தின் நகலைப் படித்தார். படித்து முடிப்பதற்குள் பிஸ்கெட் உடைந்து டீக்குள் விழுந்துவிட்டது.

"சிவப்புல வேகமா வந்து இடிச்சேன்னு இருக்கே. வந்தீங்களா?"

"இல்ல மேடம். பச்சைதான்."

"அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

"தப்புப் பண்ணவன் வாதாடக்கூடாதுல்ல..."

வக்கீலம்மா டம்ளரைத் தள்ளி வைத்தார். "குடிச்சிட்டு ஓட்டினது நிஜம். ஊதச் சொன்னாங்க, ஊதினீங்க, அது சரி. மாட்டேன்னு சொல்லியிருந்தா அது தனிக் குற்றம். ஆனா கேள்விக்கெல்லாம் பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்ல. வக்கீல் வரட்டும்னு சொல்லிட்டு வாயை மூடிட்டு உக்காந்திருக்கலாம். அது உங்க உரிமை. எழுதினதைப் படிச்சுக் காட்டச் சொல்லியிருக்கலாம். செஞ்ச தப்புக்குத் தண்டனை வாங்குங்க, நான் தடுக்கல. செய்யாததையும் எதுக்குச் சுமக்கறீங்க?"

அவர் தலையாட்டினார்.

"இனிமே கேஸ் பத்தி யார்கிட்டயும் பேசக்கூடாது. அந்தம்மாவைப் போய்ப் பாக்கவும் கூடாது. நீங்க மிரட்டப் போனதா ஆயிடும்."

"மன்னிப்புக்கூடக் கேக்கக்கூடாதா மேடம்?"

"கேஸ் முடியட்டும்."

முடிகிறவரை அவர் வாயைத் திறக்கவில்லை. பேக்கரியில் வம்புக்கு இழுத்துப் பார்த்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். யாரோ புதிதாக ஒரு பாட்டுப் பெட்டி வாங்கி அடுப்படியில் வைத்தார்கள்.

எதிர்த் தரப்பு வைத்திருக்கும் ஆதாரங்களைக் கேட்டு வாங்கும் உரிமையும் உண்டு என்று வக்கீலம்மா மனு போட்டார். அப்படித்தான் சிக்னல் பக்கத்து மருந்துக் கடையின் கேமரா பதிவு கைக்கு வந்தது. அறையில் கம்ப்யூட்டர் முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தார்கள். வேன் தாண்டும்போது விளக்கு பச்சை. வேகமும் இல்லை.

"பாத்தீங்களா?" என்றார் வக்கீலம்மா, சந்தோஷமாக.

அவர் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிள் ஒதுங்குகிறது. வேன் அப்படியே போகிறது. அவள் தரையில் விழுந்த பிறகுதான் வேனின் பின்னால் பிரேக் விளக்கு எரிகிறது. இன்னொரு முறை போடச் சொன்னார். அதே இடத்தில்தான் எரிந்தது.

"லேட்டா மிதிச்சிருக்கேன்," என்றார்.

வக்கீலம்மா பதிவை நிறுத்தினார். "அது குடிச்ச கேஸ்லயே அடங்கிடும். கேக்காம நீங்களா எதுவும் சொல்ல வேண்டாம்."

கோர்ட்டில் யாரும் கேட்கவில்லை. குடித்துவிட்டு ஓட்டியதையும் அதனால் காயம் ஏற்பட்டதையும் அவர் ஒப்புக்கொண்டார். வாக்குமூலத்தைப் படித்துக் காட்டவில்லை என்பதை இன்ஸ்பெக்டரே மறைக்காமல் சொன்னார். பதிவையும் பார்த்த நீதிபதி சிக்னலை மீறியதாகவும் தாறுமாறாக ஓட்டியதாகவும் இருந்த குற்றச்சாட்டுகளைத் தள்ளினார். ஜெயில் இல்லை. அபராதம், தையல்காரிக்கு இழப்பீடு, லைசென்ஸ் ரத்து. வெளியே வந்ததும் மச்சான் அவர் தோளைத் தட்டினார். "ஜெயிச்சுட்டோம் மாப்ள!" அவர் மச்சானின் கையை எடுத்துக் கீழே விட்டார். கோபமாக இல்லை. மேசைமேல் கிடக்கும் பொருளை நகர்த்தி வைப்பதுபோல.

இனித் தையல்காரியைப் போய்ப் பார்க்கலாமா என்று வக்கீலம்மாவிடம் கேட்டுக்கொண்டார். சில நாள் கழித்து, வேலை முடிந்து, பஸ் ஏறிப் போனார்.

ஒரு படிக்கட்டின் கீழ் ஒடுங்கிய கடை. தையல்காரி கத்தரிக்கோலை இடது கையில் பிடித்துத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். வலது கை துணியை அமுக்கிப் பிடித்திருந்தது. மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை. அவரை அடையாளம் தெரிந்துகொண்டாள், வெட்டுவதை நிறுத்தவில்லை.

"நான் பிரேக்கை லேட்டா மிதிச்சேம்மா," என்றார். "கோர்ட்ல யாரும் கேக்கல. நானும் சொல்லல."

"தெரியும்," என்றாள். "நான் அங்கதானே கிடந்தேன்."

"மன்னிச்சிருங்கம்மா."

அவள் துணியை மறுபக்கம் புரட்டி, வெட்டவேண்டிய கோட்டைத் தேடினாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது."

தள்ளி நின்றார். அவள் அந்தக் கோட்டை முடித்து அடுத்ததைத் தொடங்கினாள். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "வரேம்மா," என்று சொல்லிக் கிளம்பினார். ம் என்றாள்.

நிறுத்தத்தில் பஸ் வந்தது. அவர் கை காட்டவில்லை. அது நிற்காமல் போனது. அடுத்ததில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, மனைவிக்குப் போன் செய்தார்.

"பாத்தீங்களா?" என்றாள்.

"பாத்தேன்."

"என்ன சொன்னாங்க?"

சொல்ல வாயெடுத்தார். "வீட்டுக்கு வந்து சொல்றேன்," என்றார். சரி என்றாள் அவள். இரண்டு பேரும் போனை வைக்காமல் அப்படியே இருந்தார்கள்.