கிளார்க் சார் வெறுங்காலில் நின்றது

பாறசாலைக்கும் அமரவிளைக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் பொன்னம்பலம் பிள்ளையைக் கிளார்க் சார் என்றுதான் சொல்வார்கள். வில்லேஜ் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்று வருடங்கள் ஆன பிறகும், வழியில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். சர்க்கரை நோயில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தபோதும் அவருக்குள் இருந்த கிளார்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. மயக்கம் தெளிந்ததும், "காலை எடுத்ததுக்கு ரசீது உண்டா?" என்று டாக்டரிடம் கேட்டதாக ஊரில் ஒரு பேச்சு. அவர் அதை மறுத்ததில்லை.

நான் அப்போது வடக்கே ஒரு நகரத்தில் செயற்கைக் கை கால்கள் செய்யும் துறையில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். 1998 என்று நினைவு. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பனச்சமூடு சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விற்கும் அப்பா தங்கையன், என் படிப்பை மற்றவர்களுக்குப் புரியவைக்கப் பாடுபடுவார்.

"அவன் காலு பணியிற படிப்பாக்கும்."

"தச்சுப் பணியா?"

"தச்சுப் பணிதான். ஆனா எம்.ஏ. மாதிரி."

இதைவிடத் தெளிவாக என்னாலும் சொல்ல முடிந்ததில்லை.

படிப்பின் கடைசி வருடத்தில் ஒவ்வொருவரும் ஒரு நோயாளியைத் தொடக்கம் முதல் முடிவு வரை கவனிக்க வேண்டும். லீவில் வந்தபோது கிளார்க் சாரிடம் போய்க் கேட்டேன். அவர் மகள் ஸ்ரீகலாவுக்கு நெய்யாற்றின்கரையில் சுனில்குமார் என்ற மாப்பிள்ளையை நிச்சயித்து, ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார்கள்.

"எலே அனூப்பே, பிள்ளைக்க கையப் பிடிச்சு அவனுக்குக் குடுக்கும்போ நான் கம்பு ஊணி நிக்க மாட்டேன். ரெண்டு காலில நிக்கணும். ஒன்னால ஆவுமா? அத மட்டும் சொல்லு."

ஆகும் என்றேன். சொன்ன பிறகுதான் ஆகுமா என்று யோசித்தேன்.

ரயிலில் கூட்டிப் போனேன். கல்லூரியில் அளவெடுத்தார்கள். பேராசிரியர் அவரிடம் கேள்விகள் கேட்டபோது நான் அடுத்த அறையில் பிளாஸ்டர் குழைத்துக்கொண்டிருந்தேன். கால் தயாரானதும், பளபளக்கும் புது ஷூவோடு வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். வகுப்பே கை தட்டியது. அவர் ஒரு சல்யூட் வைத்தார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் ஊர் திரும்பினோம். வாசலில் அவர் மனைவி மரகதவல்லி நின்றிருந்தார்.

"ஷூவக் களத்துங்க."

கிளார்க் சார் வலது ஷூவைக் கழற்றினார்.

"அதையும்."

"அது காலாக்கும்டீ."

"என்னதும் ஆவட்டு. தெருவெல்லாம் மிதிச்ச ஷூ எனக்க வீட்டுக்குள்ள ஏறாது."

குனிந்து நான் செயற்கைக் காலின் ஷூவையும் கழற்றினேன். அவர் உள்ளே இரண்டு எட்டு வைத்தார். எதிர்க்காற்று அடித்தது போலப் பின்னால் சாய்ந்தார். பிடிக்கப் போன என்னையும் சேர்த்துக்கொண்டு, பந்தலுக்குக் கட்டி வைத்திருந்த ஓலைமேல் விழுந்தார். ஓலை இருந்தது நல்லதாகப் போயிற்று.

எனக்கு விஷயம் புரிந்தது. ஷூவின் குதி உயரத்துக்குக் கணக்குப் பார்த்து வைத்த கால் அது. ஷூவைக் கழற்றினால் குதி தாழ்ந்து, கால் முழுவதும் பின்னால் சரியும்.

"சார், அளவெடுக்கும்போ ஷூ போடுவீங்களான்னு கேக்கலியா?"

"கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

அவர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு, "ஆல்வேஸ் ஷூஸ்," என்றார்.

மரகதவல்லி அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இவரா? எங்க கல்யாணத்துக்கே அண்ணனுக்க செருப்பப் போட்டுண்டு வந்த ஆளாக்கும் மக்கா!"

"ஒருத்தன் இங்கிலீஷில கேக்கும்போ வாறுச் செருப்புன்னு எப்பிடிலே சொல்லுவேன்? அந்த ஷூவும் அங்க ஸ்டேஷன் பக்கத்துல வாங்கினதாக்கும்."

எங்கள் பாடப்புத்தகங்களில் படத்துக்கு நிற்கும் ஆட்கள் அடுக்களையில்கூட ஷூ போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அது இயல்பாகிவிட்டிருந்தது போலும். எங்கள் ஊரில் கலெக்டரே வந்தாலும் படியில் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். நான் படித்தேனா, படங்களை மனப்பாடம் செய்தேனா என்று ஓலைமேல் உட்கார்ந்தபடி யோசித்தேன்.

சரிசெய்வது கஷ்டமில்லை. குதிக்கு அடியில் ஆப்பு மாதிரி ஒரு ரப்பர்த் துண்டை ஒட்டினால் நேராக நிற்கும். ஆனால் அதன்பின் ஷூ போட்டால் முன்னால் தள்ளும்.

"ஒண்ணு ஷூ, இல்லன்னா வெறுங்காலில மணவறை. ரெண்டும் இந்தக் காலில நடக்காது சார்."

"மாப்பிள்ளைக்க அப்பன் ஷூ போட்டு வாறவனாக்கும். நான் கேட்டில செருப்பில்லாம நிக்கணுமா?"

மறுநாள் காலையில் எங்கள் வீட்டுக்கே ஆள் அனுப்பினார். "வந்து ஆப்ப ஒட்டச் சொல்லு." மரச்சீனி கொடுக்கப் போனால் அந்த வீட்டின் அடுக்களை வாசலோடு திரும்புகிற அப்பா, "சட்டைய மாத்திண்டு போ," என்றார்.

பிறகு ஒத்திகை. நான்தான் மாப்பிள்ளை. ஸ்ரீகலா வெட்கப்பட்டு உள்ளே ஓடிவிட்டதால் மணப்பெண் மரகதவல்லி அம்மா. கிளார்க் சார் வெறுங்காலில் நிமிர்ந்து நின்று, மனைவியின் கையை எடுத்து என் கையில் வைத்தார்.

"முப்பது வருசம் கழிஞ்சு என்னக் கை மாத்துதியளா?"

"சும்மா நில்லுடீ. சாயாம நிக்கேனான்னு பாரு."

சாயவில்லை.

கல்யாணத்தன்று கேட்டில் வேட்டி கட்டி, வெறுங்காலோடு நின்றார். காரிலிருந்து பளபளக்கும் ஷூவோடு இறங்கிய மாப்பிள்ளையின் அப்பா, பெண்ணின் அப்பாவுடைய காலைப் பார்த்தார். இந்த வீட்டில் கேட்டிலேயே கழற்றுவதுதான் முறை என்று நினைத்திருக்க வேண்டும். மடமடவென்று ஷூவைக் கழற்றினார். அவரைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் கழற்றினார்கள். நெய்யாற்றின்கரையின் பெரிய மனிதர்கள் எல்லாம் சரளைக் கல்லில் ஸ், ஸ் என்று துள்ளித் துள்ளிப் பந்தலுக்கு வந்தார்கள். கிளார்க் சார் மட்டும் ஒரு காலிலாவது வலியில்லாமல், முன்னால் நடந்து கூட்டி வந்தார்.

முகூர்த்தத்துக்கு நாதஸ்வரம் உயர்ந்தது. ஸ்ரீகலாவின் கையைப் பிடித்துச் சுனில்குமாரின் கையில் வைத்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குதியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. மேலே பார்த்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார். அப்போதும் கால் நேராகத்தான் நின்றது.

வீட்டுக்காரர்களுக்கு உள்ளே பாய் விரித்து இலை போட்டார்கள். எல்லாரும், அடுக்களை வாசலைத் தாண்டாத என் அப்பாவும்கூட, உட்கார்ந்தாயிற்று. கிளார்க் சார் மட்டும் பரிமாறுகிறவர்களை அதட்டிக்கொண்டு நின்றார்.

"பாயில இருங்க சார், சாப்பிடுங்க," என்றேன்.

அவர் என் காதோடு சொன்னார்: "இருக்கலாம்லே. எழும்புறது எப்பிடி? அத நீ படிப்பிக்கல்லியே."

நாற்காலியிலிருந்து எழும்புவதைத்தான் எனக்கே சொல்லித்தந்திருந்தார்கள். நான் ஒரு மூலையில் பாயில் உட்கார்ந்து, இடது கணுக்கால் மடங்காதது போல விறைப்பாக வைத்துக்கொண்டு எழுந்து பார்த்தேன். சாய்ந்தேன். மறுபடி உட்கார்ந்து, கையை வேறு பக்கம் ஊன்றி எழுந்தேன். பந்தி முழுவதும் என்னையே பார்த்தது.

"மக்கா," என்று கூப்பிட்டார், இலை முன்னால் இருந்த அப்பா. "பந்திக்கு முந்தியே பாயசம் கூடிப்போச்சா?"