பாரத்துக்கு ஏறியவர்கள்

நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஜீப் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறேன். நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளிலிருந்து பஸ் ரோட்டுக்கு இறங்கும் பாதையில் தாரைவிடக் கல்தான் அதிகம். போன மழைக்காலத்தில் மரக்கறி மூட்டைகளோடு இறங்கும்போது பின்பக்க ஸ்பிரிங்கில் இரண்டு பட்டைகள் உடைந்து, ஜீப் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பதுளையில் கராஜ் பாஸ் உடைந்ததைக் கழற்றி, பழைய லொறிப் பட்டைகளை வெட்டிப் போட்டார். நான் கேட்காமலே மேலும் இரண்டைச் சேர்த்தார்.

"இனி யானை ஏறினாலும் ஒடையாது" என்றார்.

உண்மைதான். ஆனால் வெறும் ஜீப்பாக ஓட்டினால் பின்பக்கம் குதிரை மாதிரித் துள்ளியது. மூட்டை ஏறினால்தான் அடங்கும். மரக்கறிக்கு அது தோதாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

அப்போது என் மனைவிக்கு ஏழாம் மாதம். முதல் பிள்ளை எங்களுக்குத் தங்கவில்லை. கிளினிக்கில் யாழ்ப்பாணத்து டாக்டரம்மா, "குலுக்கம் கூடாது, விளங்குதோ?" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அதன்பிறகு அவள் லயத்தை விட்டு இறங்கவில்லை.

ஒரு நாள் பகல், பெண்கள் பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டுச் சாப்பாட்டுக்கு வரும் நேரம், அவளுக்கு வலி வந்துவிட்டது. அம்புலன்ஸ் பஸ் ரோடு வரைக்கும்தான் வரும் என்றார்கள். முன்சீட்டில் தலையணைகளை அடுக்கி அவளை உட்காரவைத்தேன். பயம்தான், ஆனால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"பாழாப்போன வண்டி! பாரம் இருந்தாத்தான் ஒழுங்காப் போகும்" என்று டயரை உதைத்தேன்.

பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அக்கா எங்கள் லயத்திலேயே கனமான ஆள். கூடையைக் கீழே வைத்தார்.

"பாரந்தானே தம்பி வேணும்?" என்று பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு சத்தம் போட்டார். "ஏய், வாங்கடி! தராசுல நம்மகிட்ட எப்பவும் கழிக்கத்தான் செய்வாங்க. இன்னைக்குத்தான் எடை வேணும்னு கேக்குறாங்க!"

சோற்றுக் கையோடு சிலர் ஏறினார்கள். ஜீப் முனகிக்கொண்டு இறங்கி அமர்ந்தது. வழி முழுக்கத் துள்ளலே இல்லை. பஸ் ரோட்டில் அவளை அம்புலன்ஸில் ஏற்றி நானும் கூடப் போனேன். அவர்கள் மலையேறித் திரும்பியிருப்பார்கள், வேலைக்குப் பிந்தியதற்கு மலையில் ஏச்சும் வாங்கியிருப்பார்கள்.

பெண் குழந்தை. மாதம் முந்திப் பிறந்ததால் பல நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பிழைக்கும் என்று டாக்டர் சொன்ன அன்றே, ரோட்டோரம் கிடந்த ஜீப்பைக் கராஜுக்குக் கொண்டுபோய், கூடுதலாகப் போட்ட பட்டைகளைக் கழற்றச் சொன்னேன்.

"இனி மெத்தை மாதிரிப் போகும். ஆனா பாரம் ஏத்தாதீங்க" என்றார் பாஸ்.

வீட்டுக்குக் கூட்டிவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தோட்டப் பாதை தொடங்கும் முடக்கில், நல்ல சேலை கட்டிக்கொண்டு அக்காவும் மற்றவர்களும் நின்றார்கள்.

"பச்சப் புள்ள குலுங்காமப் போகணும்ல?" என்று அக்கா முதலில் ஏறினார்.

நான் வாயைத் திறந்தேன். மனைவி என் கையைத் தொட்டு, "சொல்லாதீங்க" என்றாள், மெதுவாக.

அத்தனை பேரும் ஏறினார்கள். ஜீப்பின் வயிறு கல்லில் உரசியது. நடைவேகத்தில் ஓட்டினேன். பாதி ஏற்றத்தில் ஒரு பட்டை உடையும் சத்தம் எனக்குக் கேட்டது. நிறுத்தவில்லை. குழந்தை விழிக்கவே இல்லை.