லடாக்கிலிருந்து வந்த கடிதம்

எனக்கு நிச்சயம் செய்திருந்த பட்டாளத்துக்காரர் லடாக்கிலிருந்து அப்பாவுக்கு எழுதினார்: மலையேறி வந்ததிலிருந்து ஓயாமல் சிறுநீர் போகிறது, இளைத்துவிட்டேன், போகப்போகச் சரியாகிவிடும் என்று. எங்கள் நல்லம்பள்ளி வீட்டில் என் தாய்மாமன்தான் அதை உரக்கப் படித்தார்.

"மச்சான், இது சக்கரை வியாதிங்க. நாட்டைக் காக்கப் போனவன் ஒதுங்கறதுக்கே ஓடிட்டிருக்கறான்!"

எல்லோரும் சிரித்தார்கள். நிச்சயம் முறிந்தது. காற்று தாராளமாய் வீசிய அந்தக் கூடத்தில் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஏழு வருடம் கழித்து, என் மகளுக்குக் காய்ச்சல் பார்த்த டாக்டர் பட்டாளத்தில் இருந்தவர் என்று தெரிந்ததும் அவரிடம் அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன்.

"காத்து கம்மியான எடத்துல, உப்பையும் தண்ணியையும் புடிச்சு வெக்கிற ஹார்மோன் கொறஞ்சிருங்கம்மா. தண்ணி வெளிய போயி ரத்தம் கெட்டியாவும். நோயில்லீங்க, ஒடம்பு மலைக்குப் பழகுது."

அப்பாவிடம் போய்ச் சொன்னேன்.

"அதுக்கென்னம்மா இப்ப? உனக்குத்தான் ரெண்டு புள்ளையாயிருச்சே" என்றார்.